முத்தலிப் கேட்டு வாங்காத குளிசை

சுல்பிகாவை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். கல்முனையில் அவள் இருக்கும் ஒழுங்கைக்கு நான் குடும்பநல மருத்துவிச்சி. அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசியை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இரத்தம் போய் ஆள் பிழைத்ததே பெரிய காரியம். இரண்டு வருடத்துக்குள் இன்னொன்று தங்கினால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். எட்டு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளும் கணவனும் பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டார்கள்.

கரு தங்காமலிருக்க மூன்று நாளுக்குள் போடும் குளிசை, ஒரே மாத்திரை, உண்டென்று நான் கிளினிக்கில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. விடிந்ததும் கணவன் முத்தலிப்பைப் பார்மசிக்கு அனுப்பினாள். மனுசன் தலையிடிக்குப் போடும் பெனடோல் அட்டையோடு வந்து நின்றார்.

"கடைக்காரர் பள்ளியில எனக்குப் பக்கத்தில நிண்டு தொழுறவர். அவருக்கிட்ட என்னெண்டு கேக்கிற?"

வியாழன் வேறு கடை. அங்கே மருந்து விற்க நின்ற பெண்பிள்ளை அவருடைய தங்கச்சியின் கூட்டாளி. கைப்பிள்ளைக்குக் கிரைப் வாட்டர் வாங்கி வந்தார். இன்னொரு பிள்ளைக்கு வாப்பாவாகப் பயமில்லை, ஒரு குளிசையின் பெயரைச் சொல்லத்தான் பயம்.

வெள்ளிக்கிழமை அவளே கைப்பிள்ளையோடு, தெரிந்த முகமில்லாத அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினாள். இறங்கும்போது ஜும்ஆத் தொழுகைக்குக் கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றாள். கடை திறந்தவர் மருந்தை எடுக்குமுன், "புருசன் வரல்லயா?" என்றார்.

"அவர அனுப்பித்தான் ரெண்டு நாள் போச்சு. தாங்க."

அங்கேயே விழுங்கிவிட்டு எனக்கு போன் எடுத்தாள். முந்திப் போட்டால்தான் அந்தக் குளிசைக்குப் பலம், பிந்தப் பிந்தக் குறையும். அதை அவளிடம் மறைக்கவில்லை. மாதவிடாய்த் தேதி ஐந்து நாள் பிந்தியது. ஆறாம் நாள் வந்துவிட்டது என்று சொன்னபோது போனிலேயே அழுதாள்.

அடுத்த கிளினிக்கில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "கார்டில என்ட நம்பர் இருக்கே. புதன்கிழமையே எடுத்திருந்தா நானே கொண்டு வந்து தந்திருப்பனே, புள்ள."

"ஓம் மிஸ், நீங்க வருவீங்க. கிளினிக் இல்லாத நாள்ல உங்கட ஸ்கூட்டி வாசல்ல நிண்டா ஒழுங்கையே என்னத்துக்கெண்டு கேக்குமே."

ஐந்து வருடத்துக்கு முன் எனக்கும் அதே குளிசை தேவைப்பட்டது. வெட்கப்படாமல் கேளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிகிற நான், அன்று மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன்.