ஒட்டகத்துக்குப் பதிலாக ஒரு பானை

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் இருபத்து மூன்று வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பேசினாலும் கடைசியில் குடவோலைக்கு வந்து சேர்ந்துவிடுவான். பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போதே, "இதெல்லாம் நம்ம ஊர்ல அப்பவே கீது" என்று ஆரம்பித்து, கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கும் தேர்தல் விதிகளை ஒப்பித்து, ஓலைச் சீட்டைப் பானைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்த பிறகுதான் மூச்சு விடுவான். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை.

இஸ்லாம் பாடத்தை மட்டும் குடவோலை இல்லாமல்தான் நடத்தி வந்தேன். இறைவன் ஒருவன், உருவமில்லாதவன். வானவர்கள், வேதங்கள், தூதர்கள், தீர்ப்பு நாள் என்று கரும்பலகையில் எழுதுவேன். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று ஐந்து கடமைகளையும் ஐந்து விரலில் எண்ணுவேன். மக்காவில் எதிர்ப்பு, மதீனாவுக்குக் குடிபெயர்வு, அதிலிருந்து ஹிஜ்ரி ஆண்டு. அடியில் ஒரு கோடு போட்டால் பாடம் முடிந்தது. எங்களுடையது பெருமாளுக்குப் பூ கட்டும் குடும்பம். உருவமில்லாத இறைவனைப் பற்றிப் பகலில் நடத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உற்சவருக்கு எத்தனை முழம் வேண்டும் என்று கணக்குப் போடுவேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை. அது ஒரு கணக்கு வாத்தியாராக மாற்றலில் எங்கள் பள்ளிக்கு வந்தது.

அவர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், முஸ்லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவியும் ஒரு வயதுப் பெண் குழந்தையும் அங்கே மாமனார் வீட்டில் இருந்தார்கள். இவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போய் வருவார். போனால் குழந்தை யாரோ என்று பயந்து அழும். அழுகை ஓய்ந்து மடிக்கு வரும் நேரத்தில் இவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து அழுகை. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். குழந்தை நடக்க ஆரம்பிப்பதற்குள் ஒரு வீடு கிடைத்தால் போதும் சார் என்பார்.

வீடு பார்க்க நான்தான் என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் வீடு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. முதல் வீட்டுக்காரர் உள்ளே கூட்டிப் போய், ஜன்னலெல்லாம் திறந்து காட்டி, மோர் கொடுத்து, பிறகு பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் அவருக்கு மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மா வந்து தங்கப் போகிறாராம். அந்த அம்மாவின் காரியத்துக்கு நான் போய் வடை சாப்பிட்டு வந்து நாலு வருடமாகிறது. இரண்டாவது வீட்டில் தண்ணீர் உப்பு, குழந்தைக்கு ஆகாது என்று அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டை நேற்றுத்தான் யாரோ பேசி முடித்துவிட்டார்களாம். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை எங்கள் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் அடங்காது. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டே அவர்களைத் திட்டித் தீர்த்தேன். மனுசனுங்களா இவங்க என்றேன். அவர் பின்னால் உட்கார்ந்து, பரவாயில்லை சார், பரவாயில்லை சார் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன். என் வீட்டுப் பின்கட்டு இரண்டு வருடமாகக் காலி. பையன் பெங்களூருக்குப் போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. இரண்டு அறை, தனிச் சமையலறை, தனி வழி. இது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க சார். முட்டைகூட உள்ள வந்ததில்லை. அவங்க ரொம்ப ஆசாரம்" என்று மனைவியின் தலையில் போட்டேன். அவளிடம் நான் கேட்கவேயில்லை. அந்த வாரமே அவள், உங்க கணக்கு சாருக்கு வூடு அமைஞ்சுதா, நம்ம பின்கட்டு சும்மாத்தானே கீது என்று கேட்டபோது, வேறு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஏன் அப்படிச் செய்தேன் என்றால், தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். பூ வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதன் பிறகும் தினமும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். கோயில் புளியோதரை வந்தால் அவருக்கும் ஒரு கரண்டி வைப்பேன். அந்தச் சமயத்தில்தான் குறுவள மையப் பயிற்சி வந்தது. சுற்றுவட்டார ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளியில் கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். எனக்கு விழுந்தது இஸ்லாத்தின் தோற்றமும் பரவலும். மாணவர்கள் செய்து பார்க்கும்படி ஒரு செயல்பாடு கட்டாயம் வேண்டும் என்று பயிற்சியை நடத்தும் கருத்தாளர் போனில் சொல்லிவிட்டார். ஐந்து விரலை வைத்துக்கொண்டு என்ன செயல்பாடு செய்வது?

சாப்பாட்டு வேளையில் கணக்கு சாரிடம் கேட்டேன். வரலாற்றில் தான் எப்போதும் பார்டர் பாஸ்தான் என்று முதலில் நழுவினார். பிறகு, சின்ன வயதில் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்மா பயானில், பிரசங்கத்தில், கேட்டது என்று ஒன்றைச் சொன்னார். நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குள் வந்தபோது, ஆளாளுக்கு ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று வழிமறித்தார்களாம். யாருக்கும் மனம் நோகக் கூடாதே. ஒட்டகத்தை அதன் போக்கில் விடுங்கள், அதற்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார் நபிகள். அது போய் ஒரு காலி இடத்தில் மண்டியிட்டது. அந்த இடம் பள்ளிவாசலாயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு விருந்தினர் கிடைத்தார். கூட வந்தவர்களையும் ஆளுக்கு ஒருவராக மதீனாக்காரர்கள் சகோதரராக ஏற்று, வீட்டில் பாதியைத் தரக்கூட முன்வந்தார்கள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீடில்லாத மனிதர் ஒருவர் என்னிடம் வீடு கொடுத்தவர்களின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு என்ன தோன்ற வேண்டும்? எனக்குத் தோன்றியதெல்லாம், அடடா, இது குடவோலையேதான் என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். அறை பற்றாததால் எல்லாப் பாடத்துக்காரர்களும் ஒரே ஹாலில். கணக்கு சார் கடைசி பெஞ்சில். நான் பிரமாதமாகத்தான் நடத்தினேன். அந்த மார்க்கம் எப்படி அவ்வளவு வேகமாகப் பரவியது என்று கருத்தாளர் கேட்டார். படையெடுப்பு, வணிகம், கப்பலேறி நம் கரைக்கு வந்த குதிரை வியாபாரிகள் எல்லாம் பிறகு வந்த சங்கதி. முதலில் ஒரு ஊர் கதவைத் திறந்தது, அதுதான் தொடக்கம் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நான் தரையில் இல்லை.

பிறகு செயல்பாடு. நீங்கள் எல்லோரும் மதீனாவாசிகள், வெளியூரிலிருந்து விருந்தினர் வருகிறார், ஊரில் எந்த வீட்டில் தங்கலாம் என்று ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதுங்கள் என்றேன். நம்மிடம் ஒட்டகம் இல்லை, ஆனால் குடவோலை இருக்கிறது என்றேன். பானை எடுத்துவர மறந்திருந்தேன். சத்துணவுக் கூடத்துக்குப் போய், ஒரு பானையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த மிளகாயைக் கொட்டித் துடைத்து எடுத்துவர ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் பள்ளித் தமிழம்மா ஹாலில் ஒரு சுற்று சுற்றி வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் ஐயங்கார்குளத்தில் நெல் போடும் குடும்பம். மனதில் பட்டதைப் பேசிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். முறைப்படி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். 'சமூக அறிவியல் சார் வீட்டுப் பின்கட்டு' என்று இருந்தது. யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று மடித்து வைத்துவிட்டு, சீட்டு செல்லாது என்று சொல்லி இன்னொன்றை எடுத்தேன். அதிலும் என் பின்கட்டு. கையெழுத்துதான் வேறு. மூன்றாவதில், 'பின்கட்டு, தனி வழி உண்டு' என்று விவரமாகவே எழுதியிருந்தார்கள். முப்பது பேரும் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், படிக்க மாட்டேன்றீங்க? ஊரே சேர்ந்து ஒரு வூட்ட எழுதிக்கீது" என்றார் தமிழம்மா.

சத்தமாகப் படித்தேன். வேறு வழியில்லை. ஹால் அதிரச் சிரித்தார்கள். பின் பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை; குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சங்கடம் என்னவோ அவருக்கு என்பதுபோல் அவர் முகம் இருந்தது. நான் கருத்தாளரிடம் நன்றி சொல்லி, பானையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வெளியே வந்துவிட்டேன். மிளகாய் நெடியோ என்னவோ, கண் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். பின்கட்டைக் கணக்கு சாருக்கு விடலாமா என்று, புதிதாக யோசனை வந்தவன் மாதிரி ஆரம்பித்தேன். அவள் நாரை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்குத்தான் வேற வூடு கெடைச்சிடுச்சுன்னு சொன்னீங்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லி மறுத்ததையும் சொன்னேன். முட்டை, ஆசாரம் எதையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த பூவை நாரில் வைத்து முடிந்துகொண்டே, "போன மாசம் பஸ் ஸ்டாண்டுல அவரப் பாத்தேன். வூடு கெடைச்சிடுச்சாமே, சந்தோசம், சம்சாரத்தையும் கொழந்தையையும் கூட்டிக்கினு ஒரு நாள் நம்ம வூட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சிரிச்சிக்கினே நின்னாரு" என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் என் இரண்டு பொய்யும் அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனைவி முன்னால் என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை. பொய்யும் சொல்லாமல், என்னையும் காட்டிக்கொடுக்காமல், சிரித்துவிட்டு நின்றிருக்கிறார். மறுநாள் என்னோடு உட்கார்ந்து புளியோதரை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த ஒட்டகக் கதையையும் சொன்னார்.

அவர்கள் கறி சமைப்பார்களே என்று கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். "அவங்க அடுப்பு அவங்க வூட்ல எரியுது, உங்களுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பின்கட்டுச் சாவியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இல்லன்றதுக்கு என் பேரச் சொன்னீங்க இல்ல. குடுக்கறதுக்காவது உங்க பேரச் சொல்லுங்க. இப்பவே போய்ட்டு வாங்க."

லாட்ஜுக்குப் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மதீனா, சகோதரத்துவம், வீட்டில் பாதி என்று ஒரு முழுப் பாடமே தயாரானது. மாடியேறிப் போனபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. தயாரித்ததெல்லாம் மறந்துவிட்டது.

"சார், எங்க வீட்ல அவங்க எப்பவும் வேணாம்னு சொல்லல. சொன்னது நான். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிச் சாவியை நீட்டினேன்.

அவர் சாவியை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்தார். ஏதாவது சொல்லப் போகிறார், எதுவானாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"பின்கட்டுக் குழாய்ல தண்ணி எத்தனை மணிக்கு சார் வரும்?" என்று கேட்டார்.

காலை ஆறு மணிக்கு என்றேன். அவர் போனை எடுத்து ஊருக்குப் போட்டு, மனைவி எடுத்தவுடன், குழந்தை தூங்கிவிட்டதா, முழித்திருந்தால் போனைக் கொடு என்றார்.