அட்டைப் பேருந்துக்கு ஒரு பூஜை

அட்டையில் நான் செய்யும் சின்னப் பேருந்துகளுக்காக ஓர் இணையதளம் தயாராகி ஒரு மாதமாயிற்று. வெளியிடும் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. எட்டாவதோடு நின்றவன் எழுதியதில், செய்ததில் யாராவது தப்புக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டால்?

“இன்னும் யோசிச்சிக்கினே கீறீங்களா? புது வண்டிய பூஜை போடாம யாராவது எடுப்பாங்களா?” என்று மனைவி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். முழ நீளங்கூட இல்லாத பள்ளிப்பட்டு பஸ்ஸின் முன்னால் அதை வைத்தாள். பழம் முன்கண்ணாடி வரைக்கும் மறைத்தது.

“அளவு ஒத்துவரலையேம்மா.”

“இதுக்குமா அளவு!” என்று தலையில் அடித்துக்கொண்டாலும், தோட்டத்திலிருந்து பச்சை மணத்தக்காளிக் காய்கள் நாலு பறித்து வந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, வண்டியை விரலால் தள்ளினேன். மூன்று நசுங்கின. ஒன்று கட்டிலடிக்கு உருண்டோடியது.

“ஐயோ, சகுனம் சரியில்லியோ?” என்றேன்.

“மூணு நசுங்கிச்சில்ல, போதும். அமுக்குங்க.”

அமுக்கிவிட்டேன்.

மறுநாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: “அந்த வண்டியில தினம் போறவன் நான். பின்னாடி ஏணி இடது பக்கம் இருக்கும். நீங்க வலது பக்கம் வெச்சிட்டீங்க.”

பயந்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் மனம் ஏனோ லேசாக இருந்தது. என் அட்டை வண்டியைத் தான் தினம் ஏறும் பஸ்ஸாகவே பார்த்திருக்கிறார் மனிதர். “ஆங், மாத்திடறேங்க” என்று பதில் போட்டுவிட்டு, பிளேடை எடுத்து ஏணியைப் பெயர்க்க உட்கார்ந்தேன்.