கருவாட்டு விசிறி

கோட்டாற்றில் கருவாடு மொத்த வியாபாரம் செய்த இஞ்ஞாசிக்கு வியர்வைதான் தீராத தொல்லை. மார்கழியிலும் வியர்ப்பார். கோயிலில் பூசை முடிந்து எழுந்தால், அவர் உட்கார்ந்திருந்த தரை மட்டும் யாரோ வாளியைக் கவிழ்த்ததுபோல நனைந்து கிடக்கும். பிறந்தது குளச்சல் கடற்கரையில். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. தொழில் பெருகி, கோட்டாற்றில் ஓட்டு வீடு கட்டி வந்த பிறகுதான் புழுக்கம் என்றால் என்னவென்று அறிந்தார்.

நாகர்கோவிலுக்கு மின்சாரம் வந்து சில வருடங்களாகியிருந்த சமயம். ஒரு வழக்கு விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போனவர், அங்கே உத்தரத்தில் சுழன்ற விசிறியைக் கண்டார். வழக்கு மறந்துபோயிற்று. விசிறி எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினார். அடுத்த மாதமே அவர் வீட்டுக் கூடத்திலும் ஒன்று தொங்கியது.

மனைவி திரேசாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுல பேன் வந்தாச்சு" என்றாள்.

"வேப்பெண்ணெ தேச்சு ஈருவலியால வாரு. போயிரும்" என்றாள் அவள்.

முதல் மாத பில் வந்தது. விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் இஞ்ஞாசிக்கு அன்று வியர்த்தது. அதோடு சிக்கனம் தொடங்கியது. விசிறி முதல் சுற்றுக்குத்தான் அதிகம் கரண்டு குடிக்கும் என்பது அவர் துணிபு. ஆகவே ஒரு கம்பால் இறக்கையைத் தள்ளிச் சுழலவிட்டு, அதன் பிறகே சுவிட்சைப் போடுவார். வேகம் வந்ததும் அணைத்துவிடுவார். இறக்கை தானாகச் சுற்றி ஓயும்வரை காற்று வாங்கிவிட்டு, மறுபடியும் கம்பைத் தூக்குவார். இப்படித் தள்ளித் தள்ளியே முன்னைவிட இரண்டு பங்கு வியர்த்தார்.

அடுத்த வீட்டு நாராயணபெருமாள் வக்கீல் குமாஸ்தா. ஒரு சாயங்காலம் வந்தவர் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுதீரு வேய்?"

"சுவிட்சை அணைச்ச பொறவு வருகது ஓசிக் காத்தாக்கும். அத விடலாமா?"

"ஓசிக் காத்து வாங்கி உடம்பு தொப்பலா நனைஞ்சிருக்கு. வேய், இதக் கேளும். வீட்டுக்கு ஒரு ரேட்டு, தொழிலுக்கு ஒரு ரேட்டு. அரிசி மில்லுக்காரன் உம்ம ரேட்டுல பாதிதான் குடுக்கான்."

இஞ்ஞாசி கம்பைக் கீழே வைத்தார். "மில்லுல ஓடுகதும் மோட்டாரு, இதுவும் மோட்டாருதானே?"

"அங்க நெல்லு குத்துது. இங்க என்ன குத்துது?"

அந்தக் கேள்வி இஞ்ஞாசியைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் மின்சாரக் கம்பெனிக்குப் போய், தம் வீட்டில் கருவாடு உலர்த்தும் தொழிற்சாலை நடக்கிறது, தொழில் ரேட்டு வேண்டும் என்று மனுக் கொடுத்தார். நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள்.

பார்க்க வந்தவர் இன்ஸ்பெக்டர் பகவதியப்பன். கஞ்சி போட்ட வேட்டி, எண்ணெய் பூசிப் படிய வாரிய தலை. கூடம் முழுக்கப் பாய் விரித்து, அதில் நெத்திலி பரப்பியிருந்தது. ஜன்னல் தோறும் பூனைகள்.

"விசிறி எதுக்கு?"

"காய வைக்கதுக்கு சாரே. மழைக்காலத்துல வெயில் ஏது?"

"ஓட்டிக் காட்டும்."

இன்ஸ்பெக்டரிடம் தொழிலின் பெருமையைக் காட்ட வேண்டும் என்று இஞ்ஞாசி முழு வேகத்தில் வைத்தார். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்த நெத்திலி சருகுபோல எழும்பியது. ஒன்று பகவதியப்பனின் சட்டைக் கழுத்துக்குள் புகுந்தது. நாலைந்து எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்த ஒரு பூனை ஜன்னலிலிருந்து அவர் தோளுக்கே தாவியது. பகவதியப்பன் சைவம். பூனையைத் தட்டிவிட்டு, வாசலுக்கு ஓடி, அங்கே நின்றபடியே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தொழில்தான், ஒத்துக்கிடுகேன். ஆனா விசிறி சுத்தும்போ கீழ சரக்கு கிடக்கணும். குடும்பம் உக்காந்து காத்து வாங்கினா வீட்டு ரேட்டு."

இஞ்ஞாசி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அன்று முதல் கூடம் நெத்திலிக்கு ஆனது. ஆனால் தொழிற்சாலையில் வேலையாள் இருக்கத் தடையில்லை அல்லவா? அவர் தம்மையே காவல்காரராக நியமித்துக்கொண்டு, நெத்திலிக்கு நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு இடம் ஒதுக்கிப் படுத்தார்.

திரேசாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இஞ்சேருங்க, நான் காவல்காரனக் கல்யாணம் கெட்டல்ல. நெத்திலி போற அன்னைக்கு ஆளனுப்புங்க, வாறேன்."

அவள் குளச்சலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாமல் இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடற்கரை மணலில் காயாமல் விசிறியில் காய்ந்த நெத்திலியில் ஒரு துளி மணல் இல்லை. புதுக்கடைச் சந்தையில் பெண்கள் அதை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லுல நறநறங்காத கருவாடு" என்று தேடிவந்து கேட்டார்கள். வாரந்தோறும் சரக்கு போதவில்லை.

கையில் வந்த லாபத்தில் இஞ்ஞாசி புறவாசலில் கொட்டகை போட்டார். விசிறியையும் நெத்திலியையும் அங்கே மாற்றினார். கூடத்தை மூன்று தடவை கழுவி, சாம்பிராணி போட்டு, திரேசாளுக்கென்றே புது விசிறி ஒன்றை வீட்டு ரேட்டில் மாட்டிவிட்டு, தாமே குளச்சலுக்குப் போய் அவளை அழைத்து வந்தார். சுவிட்சை அவர் தொடக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அதற்கும் சம்மதித்தார்.

முதல் நாள் மதியம் இருவரும் கூடத்தில் படுத்தார்கள். திரேசாள் உடனே உறங்கிப்போனாள். இஞ்ஞாசி புரண்டார். காற்று முதுகில் படும்போதெல்லாம் மீட்டர் கண்ணில் சுற்றியது. சற்று நேரத்தில் தலையணையை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு நடந்தார்.

எட்டிப் பார்த்த நாராயணபெருமாள், "வீட்டுல புது விசிறி இருக்கு, இங்க வந்து நெத்திலி கூட கிடக்கீரே?" என்றார்.

"அந்தக் காத்து வெல கூடினதாக்கும் வேய். மேல பட்டா கூசுது" என்று சொல்லிவிட்டு இஞ்ஞாசி கண்ணை மூடினார். நாராயணபெருமாள் மேற்கொண்டு ஏதோ கேட்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.