பாலாற்றுத் திட்டில் நாணல் தடம்

இன்று வாங்கிய புதுச் செருப்பில் ஆவாரம்பட்டை வாசனை அடித்தது. காலில் போடத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே பழகிய வாசனை அது. அப்போது ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றின் நடுவே இருந்த திட்டில் எங்கள் குடிசை ஒன்றுதான். வறண்ட ஆற்று மணலில் சக்கரம் புதையாமலிருக்க, கரையிலிருந்து கரைவரை நாணலைப் பரப்பி வண்டித்தடம் போடுவது அப்பாவின் வேலை. நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா இல்லாத எனக்கு, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிப்போகும் வண்டிகளின் மணிச்சத்தமும், நாணல் நெரிபடும் சத்தமும், அக்கரையிலிருந்து வண்டிக்காரர்கள் "தடம் நல்லா கீதா?" என்று கேட்க, "நல்லா கீது, வாண்ணா" என்று நைனா சொல்வதும்தான் துணை.

பிறகு மேற்கே பாலம் கட்டினார்கள். வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. நைனா மட்டும் யாரோடும் பேசாமல், என்னோடும் பேசாமல், தினமும் நாணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் நான் தனியாக அக்கரைக்கு நடந்துபோய், வண்டிக்காரர்களைப் போலவே வாயருகே கையைக் குவித்து, "தடம் நல்லா கீதா?" என்று கத்தினேன். நைனா நிமிர்ந்து பார்த்தார். நான்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கையிலிருந்த நாணலை மணலில் பரப்பிவிட்டுக் குரல் கொடுத்தார்.

"நல்லா கீது, வாண்ணா."