முதல் பத்திரிகை வைத்த கரும்புக் கொல்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் தயங்கிவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்து வருமோ வராதோ என்பது சின்ன தயக்கம். சம்பந்தி வீட்டார் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய தயக்கம்.

மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்திருந்தது. எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அதற்கு வைக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் மெட்ராஸ் துறைமுக வேலைக்கு வந்த எங்கள் முன்னோர் சாமியை ஊரிலேயே விட்டுவிட்டார்கள். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம், கரும்புக் கொல்லைக்கு நடுவே பழைய காலத்துச் சிலை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஆண் சாமியா பெண் சாமியா என்பதுகூட நிச்சயமில்லை.

காலடிப்பேட்டையிலிருந்து விடிகாலையில் மச்சானின் குட்டியானையில் கிளம்பினோம். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டி. கோயில் பயணம் என்பதால் இரண்டு தடவை கழுவி, சந்தனம் கரைத்துத் தெளித்திருந்தான்.

"டேய், சந்தனம் பூசின வஞ்சிரம் மாதிரி நாறுதுடா," என்றாள் என் மனைவி.

"சாமி இன்னாக்கா கண்டுக்கப் போவுது? கடலாண்டருந்து வந்துகினுகீறாங்கன்னு புரிஞ்சிக்கும்."

கிராமத்தில் இறங்கி வரப்பில் நடந்தோம். ஆளை மறைக்கும் கரும்பு. தோகை கையைக் கீறியது. முதலில் ஒரு கல் தெரிந்தது. முழங்கால்வரை மண்ணில் புதைந்து, ஓங்கிய கத்தியோடு ஒரு வீரன்.

"இன்னா மாமா, நம்ம ஏரியா ரவுடி கணக்கா நிக்கறாரு!" என்று மச்சான் அவர் தோளில் கைபோட்டு செல்பி எடுத்தான்.

இருபதடி தள்ளி இன்னொரு கல். பருத்த வயிற்றோடு ஒரு அம்மன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள். மேலே கொடியில் தேய்ந்துபோன ஒரு பறவை. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "கருடக் கொடிங்க! பிள்ளைங்களோட சந்தான லட்சுமி. இவதான் நம்ம சாமி." மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அம்மன் மடியில் வைத்தாள். நானும் மகள் பேரைச் சொல்லி விழுந்து கும்பிட்டேன்.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு வந்தாள். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"யம்மா, அது கருடன் இல்ல, காக்கா. மூதேவிக்கா பத்திரிகை வச்சீங்க? மெட்ராசுலருந்து வர்றவங்க கும்புடுற சாமி அங்க கத்தியோட நிக்குதே, அது!"

மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டான். என் மனைவியோ, "பொண்ணு கல்யாணத்துக்கு மூதேவிய நானே கூப்ட்டுட்டனே," என்று பத்திரிகையை எடுக்கப் போனாள்.

"எடுத்துக்க, யாரு வேணாங்கறா?" என்றாள் அந்தப் பெண். "ஆனா சீதேவிக்குக் கூடப்பொறந்த அக்கா இவ. வச்ச பத்திரிகையப் புடுங்கினா எந்த அக்கா சும்மா இருப்பா? வெட்டு ஆரம்பிக்கறப்போ நாங்க மொதக் கரும்ப இவளுக்குத்தான் வைக்கறோம்."

நீட்டிய கை அப்படியே நின்றது. என் மனைவியும் அவள் வீட்டில் மூத்தவள். தங்கை வீட்டுக் காதுகுத்துக்குக் கடைசியாகக் கூப்பிட்டார்கள் என்று இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள். சிலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள்.

கொண்டுபோனது ஒரே பத்திரிகை. குலதெய்வத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து வாயால்தான் அழைத்தோம். "கோச்சுக்காத தல, நீ வூட்டு ஆளு, சொன்னா போதும்," என்றான் மச்சான்.

முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போனது. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெனரேட்டர் ஓடியது, தாலி ஏறியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் மச்சான் வாய் சும்மா இருக்குமா? கதை ராயபுரம், எண்ணூர் என்று சுற்றிவிட்டது. போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மாவே என்னிடம் சொல்கிறார்: "யாரோ ஒரு குடும்பம் மூதேவிக்குப் பத்திரிகை வச்சாங்களாம், சிலை சிரிச்சுச்சாம், கண்ணுலருந்து ரத்தம் வந்துச்சாம், அந்தப் பொண்ணு வாழாம பூட்டாளாம்."

சமையல்கட்டிலிருந்து மகள் கரண்டியோடு வந்தாள். "அத்தே, அந்தப் பொண்ணு நான்தான். வாழ்ந்துகினுதான் கீறேன்."

சம்பந்தியம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ எங்களுக்குக் குடுத்தது ரெண்டாவது பத்திரிகையா?"

"ஆமா சம்பந்தி, ரெண்டாவதுதான்," என்றேன். "அந்த மூதேவியம்மாவ நான் பாக்கணும், கூட்டிக்கினு போங்க," என்றார். பொங்கலுக்கு முன்னால் போகிறோம்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், சந்தோஷம். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். ரத்தம் வரவில்லை. கல் சிரிக்கவும் இல்லை. என் மகள் நன்றாக இருக்கிறாள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.