மாணிக்க ஆசாரிக்குப் பிள்ளை இல்லையாம்

கிள்ளானில் என் தையல் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். காலை ரயிலில் வந்த வண்டிக்காரர் முனியாண்டி வாசலிலேயே நின்று சொன்னார்: "பிரிக்பீல்ட்ஸ் மாணிக்க ஆசாரி போயிட்டாரு அண்ணே. விடியக்காலயில. புள்ள இல்லாத மனுசன், பாவம்."

செய்தி நெஞ்சில் இறங்கும் முன்பே அந்தக் கடைசிப் பேச்சு சுட்டது. "யாருய்யா சொன்னது, புள்ள இல்லேன்னு?" என்று கேட்டேன்.

"கோயில் ஆளுங்க அப்படித்தாண்ணே பேசிக்கிறாங்க."

கடையை மூடிவிட்டு அவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் புறப்பட்டேன். ஆசாரியை அறிந்த உங்களுக்கெல்லாம் இதைத் துக்கத்தோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

கிள்ளானுக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் என் கடை பிரிக்பீல்ட்ஸில் அவர் பட்டறையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட ரவாங்கிலிருந்தும் செமினியிலிருந்தும் அவரைத் தேடி வண்டிகள் வரும். பட்டறைக் கரி பலகை இடுக்கு வழியாக வந்து என் வெள்ளைத் துணியில் படியும். ஒரு நாள் சண்டைக்குப் போனேன். "துணியில கரி ஒட்டினா தொவச்சுக்கலாம் தம்பி. பட்டை கழண்டு வண்டி சாஞ்சா, வண்டிக்காரன் பொண்டாட்டி யாருகிட்டப் போயி நிப்பா?" என்றார். துணியை உதறிக்கொண்டு திரும்பினேன். ஆனால் அந்த வாரமே உலையைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்.

அவர் மனைவி பொன்னம்மாள் பெற்ற இரண்டு குழந்தைகளும் காய்ச்சலில் போயின. பட்டறைக்குக் கரி கொண்டுவருபவர் பூச்சோங் பக்கத்துச் சீனர். அவருக்கு, சீனர் கணக்கில் புலி வருஷத்தில், ஒரு பெண் பிறந்தது. அந்த வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஒரு முற்பகல், கரி மூட்டைகளை இறக்கிய பிறகு, வண்டியிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த மனிதர் ஆசாரியின் முன்னால் அழுதபடி நின்றார். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "புள்ள பால் குடிச்சிச்சா?"

வள்ளி என்று பெயர் வைத்தார்கள். அவள் பட்டறையிலேயே வளர்ந்தாள். துருத்தி இழுத்தாள், பிறகு சம்மட்டி பிடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். பக்கவாதத்தில் ஆசாரியின் வலக்கை விழுந்த பிறகு பட்டறையை நடத்தியது அவள்தான்.

அதற்கு முன்பே நடந்தது இது. நம் கோயில் ஒன்றுக்கு இரும்புக் கதவு கேட்டார்கள். அப்பாவும் மகளும் மாதக்கணக்கில் உழைத்துச் செய்தார்கள். வேலும் மயிலும் கொடியுமாக அத்தனை அழகு. திருவிழா அன்று வள்ளி மாவிளக்கு எடுத்துக்கொண்டு போனாள். தான் அடித்த கதவுக்குள்ளேயே அவளை விடவில்லை. "சீனப் பொண்ணுக்கு உள்ள வேல இல்ல" என்றார் நிர்வாகத் தலைவர். ஆசாரி வாதம் செய்யவில்லை. மகளோடு தெருவிலேயே நின்று கும்பிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "சும்மா விட்டுட்டியேண்ணே" என்றேன். "கதவு நல்லாத்தான் மூடுது, பாத்தியா" என்றார். அதன் பிறகு அவர் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதே தலைவர் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைக்க யாரோ தூரத்து உறவை அழைத்து வந்திருந்தார்கள். "வாய்க்கரிசி சொந்தக்காரங்கதான் போடணும். அந்தப் பொண்ணக் கொல்லப்பக்கம் நிக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆண்கள் கூடிய இடத்தில் பொன்னம்மாள் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று எழுந்து வந்தார்.

"யாரு சொந்தம்னு நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? கை விழுந்ததுலேருந்து அவருக்குச் சோறு ஊட்டினது அவ. அவ அரிசி போடாம இவரு இந்த வாசலத் தாண்ட மாட்டாரு."

"அப்ப நாங்க தாண்டிடுறோம்" என்றார் தலைவர். எழுந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தூரத்து உறவும் போயிற்று.

வள்ளி வாய்க்கரிசி போட்டாள். பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் முனியாண்டி. மற்ற வண்டிக்காரர்களும் வந்தார்கள். கரிக்காரச் சீனர், இப்போது கிழவர், தலையைக் குனிந்தபடி பின்னால் நடந்தார். "நீயே போயி வையிடி" என்று பொன்னம்மாள் சொல்லி அனுப்ப, வள்ளி சுடுகாடு வரை வந்து கொள்ளி வைத்தாள்.

இப்போது எழுந்து போன அந்தப் பெரியவர்களே இரங்கல் கூட்டம் கூட்டுகிறார்கள். ஆசாரியின் படத்துக்கு மாலை போடப் போகிறார்களாம். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். வள்ளி வரலாமா என்று கேட்டேன். "அது வேற விசயம் லா" என்றார் கூப்பிட வந்தவர். நான் போகப்போவதில்லை. உங்களில் யாராவது போய் உட்கார்ந்தால், அந்த மாலைக்கு முன்னால் எதைச் சொல்லிக் கைகூப்புவீர்கள் என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். என்னிடம் இருப்பது வேறொன்று. வள்ளி நடக்கப் பழகிய நாளில் அவளைத் தூக்கி வந்து என் தையல் மேசைமேல் நிறுத்தினார் ஆசாரி. "இவரு ஒனக்குச் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் ஊர் ஒன்றல்ல, சாதி ஒன்றல்ல. என்னைக் கேட்கவும் இல்லை. அன்று அவர் கொடுத்த அந்த முறையை வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் சொல்வேன்: நான் மாணிக்க ஆசாரி மகளுக்குச் சித்தப்பா.