சரக்கு இறங்கிய நாள்

தெருவில் அவளுக்குப் புகைக்காரி என்று பெயர். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியை ஒட்டிய சின்ன நிலையத்தில் வேலை. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, ஹைட்ரஜன் கலந்து, சூடான உருளைக்குள் அழுத்தி அனுப்பினால் மறுமுனையில் மெத்தனால் சொட்ட வேண்டும். அடுப்பெரிக்கலாம், பெயிண்டுக்கும் பசைக்கும் மூலப்பொருளாக்கலாம். குடித்தால் மட்டும் ஆளைக் கொல்லும். ஆனால் மாதக்கணக்காகச் சொட்டியதென்னவோ பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

இது போதாதா கொழுந்தனுக்கு!

"அண்ணி, புகையப் புடிச்சுத் தண்ணி காய்ச்ச ஒரு கம்பெனியா? குழாயத் தொறந்தாலே வருமே!"

பொழுது சாய்ந்தால் வேறு 'தண்ணி' தேடிக் கிளம்புகிற ஆசாமிக்குப் பேச்சைப் பாருங்கள். என்றைக்காவது இவன் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

உருளைக்குள் இருந்த வினையூக்கிக் குருணையை மாற்றிய வாரம், சொட்டியதில் தீக்குச்சியைக் காட்டியதும் குப்பென்று பற்றிக்கொண்டது. நிலையத்தில் அதைச் சரக்கு என்றுதான் சொல்வார்கள். தலைகால் புரியாமல் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, சரக்கு இறங்கிடுச்சு! ஒரு பாட்டில் கொண்டு வர்றேன். உங்க தம்பிகிட்டயும் சொல்லிடுங்க."

வெளியே எடுத்துப் போகக் கூடாதென்று அவளுக்குத் தெரியும். கொழுந்தன் எதிரிலேயே எரித்துக் காட்டும் ஆசை கண்ணை மறைத்தது. அந்த நல்ல மனிதரும் தம்பியிடம் அதே வார்த்தையில் சொல்லி வைத்தார்.

வீடு வந்ததும் பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தால், கொழுந்தன் டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோய்விட்டான்.

"பரவாயில்லையே அண்ணி, எனக்காகவா..."

ஓங்கித் தட்டினாள். டம்ளர் சுவரில் மோதி உருண்டது.

"குடிச்சியா? சொல்லுடா, ஒரு சொட்டாவது உள்ள போச்சா?"

"இல்ல அண்ணி, மோந்துதான் பாத்தேன். நீங்கதானே சரக்குன்னு..."

"விஷம்டா அது! கண்ணு போயிடும், உசுரே போயிடும்!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். யார் வாயை அடைக்க நினைத்தாளோ, அவன் பேச்சற்று நின்றான். அவளுக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

மறுநாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நிலையத்தில் யாராவது சரக்கு என்றால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

கொழுந்தன் இப்போதும் கேலி பேசுகிறான். ஆனால் அவள் கையால் தண்ணீர் கொடுத்தால், "நீங்க முதல்ல குடிங்க அண்ணி" என்கிறான். அவளும் சிரிக்காமல் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறாள்.